இரண்டு படத்திலும் அப்பா மலையில்

ஊத்துமலைத் தோட்டம்,
புளத்கொகுபிட்டிய.
21.04.2024

அன்புள்ள தெய்வானை அக்காவுக்கு,

தம்பி கஜேந்திரன். புதுவருசம் பிறந்து ஒரு வாரமாகியும் ஒரு வரி எழுதவில்லையே என்று திட்டியிருப்பீர்கள். அது பலித்துவிட்டது, மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தேன். இப்போது எழும்பி த்ரீவீல் ஓட்டுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. ஷாமிளாவும் பிள்ளைகளும் சுகம். உங்கள் காது எப்படி? கோத்தகிரிக் குளிரில் பஞ்சு வைக்காமல் வெளியே போகாதீர்கள்.

போனில் கத்திச் சொல்லிப் பார்த்தேன். நீங்கள் "சாப்பிட்டாச்சு, சாப்பிட்டாச்சு" என்கிறீர்கள். அதுவுமில்லாமல் இது கையெழுத்து விசயம், தாள் கைக்குக் கை வந்தாக வேண்டும். அதனால்தான் தபால்.

அக்கா, நம் அப்பாவைப் பற்றிப் படம் வருகிறது. ஒன்றல்ல, இரண்டு! உயிரோடு இருக்கும்போது ஒரு வேளைத் தேத்தண்ணீருக்குக் கூப்பிடாத ஆட்களெல்லாம் இப்போது "எழுத்தாளர் சின்னத்தம்பியின் மகன் நீங்கதானா?" என்று தேடி வருகிறார்கள். முதல் படத்தை மாவனெல்லை ரிப்கான் என்பவர் எடுத்து முடித்துவிட்டார். இரண்டாவது சென்னைக்காரர்களுடையது. இவரை அவர்களுக்குப் பிடிக்காது, அவர்களை இவருக்குப் பிடிக்காது. இவர் வந்துபோனது தெரிந்தால் அவர்கள் மறுநாளே ஆப்பிளும் பிஸ்கட்டுமாக வந்து நிற்கிறார்கள்.

இரண்டு படத்துக்கும் ஆதாரம் அப்பாவின் "ஏழாம் நம்பர் மலை" கதைதான். ரப்பர் மலையில் பால் வெட்டிக்கொண்டிருந்த தகப்பன், காய்ச்சலில் கிடந்த கைக்குழந்தை இறந்துவிட்டதென்று கேட்டு கத்தியோடு ஓடி வருவானே, அதே கதை. அது நம் கூடப்பிறந்த பவளத்தின் கதை என்று ஊருக்கே தெரியும். நான் அப்போது பிறக்கவில்லை. நீங்கள் பார்த்தவர்.

குடும்பத்தார் சம்மதம் என்று ஆளுக்கு இரண்டு தாள் கொடுத்திருக்கிறார்கள். அம்மா, நீங்கள், நான் மூவரும் ஒப்பமிட வேண்டும். உங்களுடைய இரண்டையும் இத்துடன் வைத்திருக்கிறேன். எதற்குப் போடுவது என்று படங்களைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன், அல்லது இரண்டுக்கும் போட்டு அனுப்பிவிடுங்கள், அப்பாவின் பேர் பரவினால் நமக்கென்ன நட்டம்? அம்மாவின் கைநாட்டுத்தான் பெரும்பாடு. உங்களுக்குத் தெரியாததா? விரலில் மை பட்டால் உலகமே முடிந்த மாதிரி. பென்சன் காசுக்குக் கைநாட்டு வைத்துவிட்டு வந்து செங்கல் தூள் போட்டு ரத்தம் வரும்வரை தேய்த்தவர். மை பூசுவார்கள் என்று இன்றுவரை ஓட்டுப் போடப் போனதில்லை. கட்சிக்காரர்கள் கெஞ்சியே களைத்துப்போனார்கள்.

தாளைச் சீக்கிரம் அனுப்புங்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்த்து,
கஜேந்திரன்

* * *

கோத்தகிரி.
14.05.2024

அன்புத் தம்பி கஜேந்திரனுக்கு,

கடிதம் கிடைத்தது. காய்ச்சல் விட்டது அறிந்து நிம்மதி. கொத்தமல்லி அவித்துக் குடி. அம்மாவின் முழங்காலுக்கு இங்கிருந்து ஒரு தைலம் அனுப்பலாம் என்று பார்த்தேன், திரவம் தபாலில் போகாதாம்.

எனக்கு இடது காது போய்விட்டது. வலதில் கொஞ்சம் கேட்கிறது. டாக்டர் மிசின் வைக்கச் சொன்னார். கேட்டு என்ன ஆகப்போகிறது என்று வந்துவிட்டேன். மகன் திருப்பூரில் இருக்கிறான், மாதம் ஒருமுறை வருவான். இங்கே முட்டைக்கோஸ் வெயிலில் கருகிவிட்டது.

தாள்கள் பத்திரமாக இருக்கின்றன. அவசரமில்லை. ஒன்று மட்டும் எழுது. பவளம் செத்த அன்றைக்கு அந்தப் படங்களில் அப்பா எங்கே இருக்கிறார்?

பிள்ளைகளுக்கு என் முத்தம்.

தெய்வானை

* * *

ஊத்துமலை.
09.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? காதுக்கு மிசின் வைக்காமல் வந்தது தப்பு. நான் கத்திக் கத்தி என் தொண்டைக்கு மிசின் வைக்க வேண்டியிருக்கும்.

போன சனிக்கிழமை கேகாலையில் ரிப்கானின் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். தோட்டத்திலிருந்து ஒரு பஸ் நிறையச் சனம். அம்மாவுக்கு முன்வரிசையில் நாற்காலி, மாலை, போட்டோ. அம்மா மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

படம் நல்ல படம்தான். அழவைக்கிற படம். ஆனால் பால் வெட்டத் தெரியாத ஆளை அப்பாவாக நடிக்க வைத்திருக்கிறார்கள். கொட்டுகிற மழையில் நின்று மரத்தை வெட்டுகிறார்! மழையில் எவன் பால் வெட்டுவான்? வாளியில் தண்ணீர்தான் நிறையும். வெட்டுக்கோடும் தலைகீழாகப் போகிறது. சோகமான கட்டம் அது, பின்னால் வயலின் அழுகிறது, நம் ஆட்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். ரிப்கான் திரும்பித் திரும்பிப் பார்த்தார், பாவம். "அந்தக் கத்தி புதுசு" என்று மட்டும் அம்மா சொன்னார்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: அப்பா மலையில்தான் இருக்கிறார். காய்ச்சல் கூடிவிட்டதென்று கேட்டு ஓடி வந்து பிள்ளையை வாரி எடுத்து டிஸ்பென்சரிக்கு ஓடுகிறார். வழியிலேயே உயிர் போகிறது. அம்மாவாக வருகிறவர் வீட்டில் சும்மா அழுகிறார், விளக்குப் பிடிக்கிறார், தேத்தண்ணீர் ஊற்றுகிறார். அம்மாவும் பால் வெட்டியவர் என்பதே படத்தில் இல்லை. உங்களையும் காணோம். அப்பாவுக்கு இறந்துபோன பிள்ளை ஒன்றுதானாம்! நானும் இல்லை, பரவாயில்லை.

அப்பாவாக நடித்தவர் வெளியே வந்து அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அம்மா அவர் கையைப் பிடித்து விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன பார்த்தாரோ.

சென்னைக்காரர்களின் படத்தையும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

தாளை மறக்காதீர்கள்.
கஜேந்திரன்

* * *

கோத்தகிரி.
01.07.2024

அன்புத் தம்பிக்கு,

அனைவரும் நலமென்று நம்புகிறேன். நான் இருக்கிறேன்.

படத்தில் நான் இல்லாதது நல்லது. அந்த ரிப்கானுக்கு என் வணக்கத்தைச் சொல்.

இங்கே மழை. கூரைத் தகரத்தில் மழை விழுவது தெரிகிறது, சத்தம்தான் கேட்கவில்லை. ஒருவிதத்தில் சுகமாக இருக்கிறது.

மற்றப் படத்தில் நான் இருக்கிறேனா, எழுது. அம்மா என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார். சும்மா கேட்டேன்.

தெய்வானை

* * *

ஊத்துமலை.
28.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஆடி வெள்ளிக்கு அம்மன் கோவிலில் கூழ் ஊற்றினோம். உங்கள் பேரிலும் ஒரு அர்ச்சனை செய்தேன். அம்மா நடந்தே வந்து நடந்தே போனார்.

சென்னைக்காரர்கள் லேப்டாப்பைக் கொண்டுவந்து நம் லயத்து வீட்டுக் காம்பராவிலேயே படத்தைப் போட்டார்கள். அக்கா, படம் என்றால் இது படம்! கேரளாவில் எடுத்தார்களாம், ஆனால் நம் மலை மாதிரியே இருக்கிறது. விடியற்காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுவது, ஆட்கள் வாளியும் கத்தியுமாக மலை ஏறுவது எல்லாம் அப்படியே. வெட்டுவதற்கு முன்னால் கோட்டில் காய்ந்த ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போடுவதைக்கூட விடவில்லை. ரிப்கானின் படத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் இதைப் பார்த்து வாயடைத்துப் போனார்கள். அப்பாவும் வீரமாக வருகிறார். மலையில் நின்று ஆட்களைச் சேர்த்து வேலைநிறுத்தம் பேசுகிறார்.

இதில் நீங்கள் இருக்கிறீர்கள். ஒன்பது வயதுப் பெண்ணாக, இரட்டைச் சடையோடு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தெரிந்தும் அம்மா வேலைக்குப் போகிறார். "கூடுனா மலைக்கு ஓடியாந்து கூப்புடு" என்று உங்களிடம் சொல்லிவிட்டுப் போகிறார். நீங்கள் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்து அப்படியே தூங்கிவிடுகிறீர்கள். விழிக்கும்போது எல்லாம் முடிந்துவிடுகிறது. அம்மா வந்து உங்களை ஒரு பார்வை பார்க்கிறார். அந்த இடத்தில் ஷாமிளா அழுதுவிட்டாள்.

இது அவர்கள் கற்பனை இல்லையாம். அப்பா சாவதற்கு முன்னால் யாரோ எடுத்த பேட்டியின் கேசட் கிடைத்திருக்கிறது, "மூத்த பொண்ணு கண்ணயர்ந்துட்டா" என்று அப்பாவே அதில் சொல்லியிருக்கிறார். அப்பாவின் குரலை எனக்கும் போட்டுக் காட்டினார்கள். எவ்வளவு நாளாயிற்று கேட்டு.

அக்கா, இதைத்தான் இத்தனை வருடம் மனசில் வைத்திருந்தீர்களா? ஒன்பது வயதில் யாருக்குத்தான் தூக்கம் வராது? இதற்குப் போயா நாற்பது வருடமாக ஊர்ப் பக்கம் வராமல் இருந்தீர்கள்? யாரும் உங்களைக் குறை சொல்லவில்லை. நான் இந்தப் படத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன், இதுதான் உண்மைப் படம். நீங்களும் இதற்கே போடுங்கள். தோட்டச் சந்தியில் அப்பாவுக்குச் சிலை வைத்துத் தருவதாகவும் சொல்லியிருக்கிறார்கள்.

அம்மா உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. படம் முடிந்ததும் கோழிக்கு நெல் போடப் போய்விட்டார்.

அன்புடன்,
கஜேந்திரன்

* * *

ஊத்துமலை.
15.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

என் கடிதம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது. உடம்புக்கு முடியவில்லையா? திருப்பூர் மருமகனுக்குப் போன் போட்டேன், "அம்மா நல்லாத்தான் இருக்காங்க மாமா, ரொம்பப் பேச மாட்டேங்குறாங்க" என்றான். நீங்கள் எப்போதுதான் ரொம்பப் பேசினீர்கள்?

இங்கே எல்லோரும் சுகம். வருகிற சனிக்கிழமை எலக்சன், அம்மா வழக்கம்போல வரமாட்டாராம்.

கோபமென்றால் கோபமென்று எழுதுங்கள். சென்னைக்காரர்கள் அடுத்த மாதத்துக்குள் கையெழுத்து வேண்டுமென்கிறார்கள். இரண்டு மூன்று முறை ஆளனுப்பிவிட்டார்கள். ஒரு கையெழுத்துத்தானே அக்கா.

கஜேந்திரன்

* * *

கோத்தகிரி.
06.10.2024

அன்புத் தம்பி கஜேந்திரனுக்கு,

நீயும் குடும்பமும் நலமாக இருக்க வேண்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. கோபமுமில்லை. ஏதாவது வருமென்று காத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் தூங்கவில்லை.

அப்பா அன்றைக்கு மலையில் இல்லை. அநேக நாட்களில் அவர் மலையில் இருந்ததில்லை. பெரட்டுக்குப் போவார், கணக்கப்பிள்ளை பேர் போட்டதும் வாளியைத் தூக்கிக்கொண்டு எல்லோரோடும் ஏழாம் நம்பர் அடிவாரம் வரை போவார். அங்கே வாளியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு லயத்துக்குப் பின்னால் உள்ள ஓடை வழியாக வீட்டுக்கு வந்து எழுத உட்காருவார். அவருடைய மரங்களையும் அம்மாதான் வெட்டினார். ஒரு ஆளுக்கு இருநூற்றைம்பது மரம். அம்மா ஐநூறு வெட்டி, இரண்டு வாளியையும் சுமந்து வந்து, பால் நிறுக்கும் ஸ்டோர் வாசலில் அப்பாவின் கையில் ஒன்றைக் கொடுப்பார். பால் வெட்டிக்கொண்டே எழுதியவர் என்று ஊர் சொல்கிறதே, அது இதுதான்.

அன்றைக்கு அவர் ஒரு பத்திரிகைப் போட்டிக்குக் கதையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். கடைசி நாள். பவளத்துக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது. நான் போய், "அப்பா, புள்ளைக்குக் கண்ணு சொருகுது" என்றேன். "இரு, இந்தப் பக்கம் முடியட்டும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா, கை இழுக்குது" என்றேன். "இந்தா முடிஞ்சிருச்சி" என்றார். நான் அம்மாவைக் கூப்பிட மலைக்கு ஓடப் பார்த்தேன். "நீ போனா நான் வீட்டுல இருக்கறது தெரிஞ்சிரும், உக்காரு" என்றார். உட்கார்ந்தேன்.

மூன்றாம் முறை நான் கூப்பிடவில்லை. அவரே எழுதி முடித்துவிட்டு எழுந்து வந்தார். பவளத்தின் கன்னத்தைத் தொட்டார். தட்டினார். அப்புறம் ஓடைப் பக்கமாகப் போய்விட்டார். போகும்போது, "அப்பா மலையிலதான் இருந்தாருன்னு சொல்லு. இல்லாட்டி பேரை வெட்டி, காம்பராவப் புடுங்கி, இந்தியாவுக்குக் கப்பல்ல ஏத்திருவாங்க" என்றார். அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்வார்கள், அதை அவர் பொய்யாகச் சொல்லவில்லை.

அம்மா வந்து பார்த்தார். "ஏன்டி கூப்புடல?" என்று கேட்பார் என்று நின்றுகொண்டிருந்தேன். கேட்கவில்லை. என்னை வெளியே போய் நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்த்து அம்மா பேசியதாக எனக்கு நினைவில்லை. எட்டு வருடம் கழித்து மாமா கப்பலேறும்போது என்னையும் அவரோடு அனுப்பிவிட்டார். நீ அப்போது துறைமுகத்தில் ஐஸ்பழம் கேட்டு அழுதாய்.

நான் தூங்கிவிட்டதாக அப்பா சொன்னது எனக்கு இப்போதுதான் தெரியும். உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் போய்த் துணி துவைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

நான் எந்தப் படத்துக்கும் கையெழுத்துப் போடவில்லை. அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

தெய்வானை

* * *

ஊத்துமலை.
17.11.2024

மதிப்புக்குரிய அண்ணி அவர்களுக்கு,

ஷாமிளா எழுதுகிறேன். உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் சுகம். உங்கள் சுகத்தை அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து உங்கள் தம்பி வீட்டில் சரியாகப் பேசுவதில்லை. "அக்காவுக்கு வயசாச்சி, எதையாவது கற்பன பண்ணி எழுதுறாங்க" என்றார். அப்புறம் அதுவும் சொல்வதில்லை. கடிதத்தைத் தன் அப்பாவின் புத்தகங்களுக்கு நடுவே செருகி வைத்துவிட்டு, த்ரீவீலை எடுத்துக்கொண்டு கரவனெல்ல பக்கம் போய்விடுகிறார். கையெழுத்துப் போட்ட தாளைச் சென்னைக்காரர்களுக்குக் கொடுக்கவுமில்லை, கிழிக்கவுமில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள், இவருக்குத் தகப்பன் பொன்னாகப் போய்விட்டது, நான் என்ன செய்ய?

அண்ணி, நான் ஒரு குற்றம் செய்துவிட்டேன். மாமியிடம் சொல்ல வேண்டாம் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். போன செவ்வாய்க்கிழமை இவர் இல்லாத நேரம் நான் அதை மாமிக்கு வாசித்துக் காட்டிவிட்டேன். சென்னைப் படத்தில் அந்தச் சின்னப் பிள்ளை தூங்குகிற கட்டம் வந்தபோது மாமி, "பொய்யி" என்று வாய்க்குள் சொன்னது எனக்குக் கேட்டது. பக்கத்தில் இருந்தவள் நான்தான். அதை வைத்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை.

மாமி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டார். கையை நிறுத்தவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவ தூங்கலன்னு எனக்குத் தெரியும் புள்ள. நான் வந்து பாக்குறப்ப பவளம் கன்னத்துல மை. அந்த மனுசன் வெரலு மை, நாலு கோடு. பாத்த ஒடனே எல்லாம் வெளங்கிருச்சி. லயத்துச் சனம் வந்துச்சின்னா மனுசன் வீட்டுல இருந்தது தெரிஞ்சிரும். பேரு போயிரும், காம்பரா போயிரும். தெய்வானைய வெளிய போகச் சொல்லிட்டுக் கதவச் சாத்துனேன். எச்சியத் தொட்டுத் தொடச்சேன், போகல. அடுப்புச் சாம்பல அள்ளிப் போட்டுத் தேச்சேன். பச்சப் புள்ள கன்னம். அம்புட்டு அழுத்தித் தேச்சிருக்கக் கூடாது."

நான் கேட்காமலே இதையும் சொன்னார். "தெய்வானை என்னயப் பாக்குறப்பல்லாம், கேக்கப் போறா கேக்கப் போறான்னு எனக்குப் பயம். நீ ஏம்மா கதவச் சாத்துனன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? அதான் எங்கண்ணன்கூட அனுப்பிட்டேன்."

அப்புறம் கீரையை அலசி உலையில் போடச் சொன்னார். நானும் போட்டேன். அன்று எல்லோரும் சாப்பிட்டோம்.

என் மேல் கோபிக்க மாட்டீர்கள் என்று நம்பும்,
ஷாமிளா

* * *

கோத்தகிரி.
08.12.2024

அன்புள்ள ஷாமிளாவுக்கும் தம்பிக்கும்,

ஷாமிளா, உன் எழுத்து நன்றாக இருக்கிறது. உன் மேல் எனக்குக் கோபமில்லை. நீ வாசித்துக் காட்டியது நல்லதுதான்.

மையை நான் பார்க்கவில்லை. அப்பா கன்னத்தைத் தொட்டதைப் பார்த்தேன், மையைப் பார்க்கவில்லை. அம்மா என் மேல்தான் கோபம் என்று நாற்பத்தெட்டு வருடம் நினைத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்துப் பயந்தாராமே. உன் கடிதத்தை நான்கு நாள் திரும்பத் திரும்பப் படித்தேன். அழுகை வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வந்து, "என்னக்கா, உப்பை ரெண்டு தடவ போட்டுட்டீங்களா, குழம்பு வாயில வைக்க முடியல" என்றாள். அப்படித்தான் இருக்கிறேன்.

தம்பி, இரண்டு தாளையும் வெறுமனே திருப்பி அனுப்புகிறேன். ரிப்கானிடமும் சென்னைக்காரர்களிடமும் ஒன்று கேட்டுப் பார். அப்பாவை மலையிலிருந்து இறக்கி, காம்பராவில், எழுதுகிற பலகைக்கு முன்னால் உட்கார வைக்க முடியுமா? அம்மாவின் கையில் இரண்டு வாளியைக் கொடுக்க முடியுமா? யார் அப்படிச் செய்கிறார்களோ அவர்களுக்குக் கையெழுத்துப் போடுகிறேன். அப்பா கெட்டவர் என்று காட்ட வேண்டியதில்லை. இருந்த இடத்தில் இருந்தால் போதும்.

குளிர் கூடிவிட்டது. அம்மாவுக்குக் காலுறை ஒரு சோடி பின்னி அனுப்புகிறேன்.

தெய்வானை

* * *

ஊத்துமலை.
19.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கல் முடிந்தது. நீங்கள் பின்னிய காலுறை சரியான அளவு. அம்மா அதைப் போட்டுக்கொண்டுதான் படுக்கிறார்.

உங்களுக்கு எழுத எனக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது. "நீங்கள் தூங்கிவிட்டீர்கள், பரவாயில்லை" என்று எழுதிய கை இது. என்ன மன்னிப்புக் கேட்டாலும் பத்தாது, அதனால் கேட்காமலே விடுகிறேன். அப்பாவின் மேல் எனக்கு இன்னும் கோபம் வரமாட்டேன் என்கிறது. அந்தக் கேசட் குரல்தான் காதில் நிற்கிறது. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பஜாருக்குப் போன மனுசன் அக்கா அவர்.

நீங்கள் சொன்னபடி கேட்டேன். ரிப்கான் வீட்டுக்கே வந்தார், உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். "படம் வெளிநாட்டு விழாவுக்குப் போயிட்டு அண்ணே, இனி ஒரு சீனும் மாத்தேலா" என்றார். சென்னைக்காரர்கள் போனில் பேசினார்கள். "சார், ஹீரோ வீட்டுல உட்கார்ந்துட்டு குழந்தையச் சாக விட்டான்னா ஆடியன்ஸ் ஏத்துக்க மாட்டாங்க" என்றார்கள். ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு கூட்டமும் இந்த ஒரு விசயத்தில் ஒற்றுமை. பேரை மட்டும் மாற்றி, கற்பனைக் கதை என்று போட்டு வெளியிடப் போகிறார்களாம். சிலையும் கிடையாது. நான் கையெழுத்துப் போட்ட தாளைக் கிழித்துவிட்டேன்.

ஆக, இரண்டு படத்திலும் அப்பா மலையில்தான் நிற்பார். ஒன்றும் செய்வதற்கில்லை.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். "நிக்கட்டும், அவரு பேரு அங்கதானே போட்டாங்க" என்றார். அவ்வளவுதான் என்று நான் எழும்பினேன். "தெய்வானை எழுதுனத எடுத்துக்கிட்டு வா" என்றார். கொண்டுவந்தேன். "இதுக்குக் கீழ நான் கைநாட்டு வைக்கிறேன். மை வாங்கிட்டு வா" என்றார்.

அக்கா, மை வாங்கிக்கொண்டு வா என்று அம்மா சொன்னார். நான் டவுனுக்குப் போய் ஒரு முத்திரை மைப் பெட்டி வாங்கி வந்தேன். வரும்போது மனசு மாறியிருக்கும் என்றுதான் நினைத்தேன். முற்றத்தில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார். இடது பெருவிரல் என்றேன், கேட்கவில்லை. தேய்த்த கை இதுதான் என்று வலது கையை நீட்டினார். நானே விரலைப் பிடித்து மையில் அழுத்தி, உங்கள் கையெழுத்துக்குக் கீழே வைத்தேன். அந்தத் தாளை இத்துடன் அனுப்புகிறேன். பிரதி எடுத்துக்கொண்டேன், அசல் உங்களிடம் இருக்கட்டும்.

"கேக்க நெனச்சத நேர்ல வந்து கேக்கச் சொல்லு. காது கேக்காட்டியும் பரவால்ல, நான் பக்கத்துல இருந்து சொல்றேன்" என்று சொல்லச் சொன்னார்.

அன்று ஷாமிளா சோப்பும் ஒரு வாளித் தண்ணீரும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அம்மா தொடவில்லை. மத்தியானம் அந்தக் கையாலேயே சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார்.

வரும் தேதியை எழுதுங்கள், கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு நானே வருகிறேன்.

தம்பி,
கஜேந்திரன்